ஆள் இருந்தால் எரியும் அடுப்பு

மாஸ்டரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரிலேயே கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். அவர் வாழ்நாள் முழுக்க நின்று சமைத்த அடுப்புகளைப் பொருத்தியவன் நான். கடைசியாக அவர் வீட்டு அடுப்பைக் கழற்றியவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் அவர் எப்படி இருந்தார், எப்படி ஆனார் என்பதை நேரில் பார்த்தவன் வேறு யார் இருக்கிறார்கள்?

நான் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் அடைப்பை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கத்திப் போனவன். அப்புறம் கேஸ் வந்தது, கேஸைக் கற்றுக்கொண்டேன். கரண்ட் அடுப்பு வந்தது, இரண்டு தடவை ஷாக் வாங்கி அதையும் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு என் கடைக்கு இரண்டு ஷட்டர். அடுப்பு என்று எது வந்தாலும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இதைச் சொல்லிவிட்டு மாஸ்டரிடம் வருகிறேன், ஏனென்றால் இவ்வளவு தெரிந்த என்னையே அவர் வீட்டு அடுப்பு இரண்டு தடவை படி ஏற வைத்துத் திருப்பி அனுப்பியது.

மாஸ்டர் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் நிறுத்தும் இடம் வரைக்கும் போகும். எவர்சில்வர் தட்டுகள் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. அந்த ஆவிக்குள் மாஸ்டர் படகுத் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு நிற்பார். முதல் தடவை பர்னர் பொருத்தப் போனபோது தரையில் ஈரத்தில் வழுக்கி விழப் பார்த்தேன். ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார், இன்னொரு கை கிண்டுவதை நிறுத்தவில்லை.

அவர்களுக்குள் ஒரு பேச்சு வழக்கம் இருந்தது. எந்தப் பாத்திரத்தையும் லிட்டர், படி என்று சொல்ல மாட்டார்கள். எல்லாம் ஆள் கணக்குதான். இருநூறாள், நூறாள், ஐம்பதாள். "அந்த நூறாளைத் தேச்சுக் கவுத்து வைடா" என்று மாஸ்டர் குரல் கொடுப்பார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன், நூறு பேரைத் தேய்த்துக் கவிழ்க்கச் சொல்கிறாரே என்று முழிப்பான். கேன்டீனே சிரிக்கும்.

வீட்டிலும் அதே பேச்சுதான். அவர், மனைவி, மகள் மூன்று பேர். சோறு வடிக்கும் பாத்திரத்துக்கு மூணாள் என்று பெயர். தேநீர்ப் பாத்திரத்துக்கு, வருகிற போகிறவர்களையும் சேர்த்து, அஞ்சாள். "இவருக்கு வீடும் ஒண்ணு, கேன்டீனும் ஒண்ணு. நல்லவேளை, என்னை வரிசைல நிக்கச் சொல்லல" என்று அவர் மனைவி என்னிடம் கேலி பேசியிருக்கிறார்.

மகளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போனாள். மாஸ்டர் ஓய்வு பெற்றார். அதற்கடுத்த மழைக்காலத்தில் மனைவி காலமானார். மூன்றும் வரிசையாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. அதன் பிறகு மூன்றாவது மாடியில், நடையின் கடைசிக் கதவுக்குப் பின்னால், மாஸ்டர் ஒருவர் மட்டும். ஓர் அறை, ஒரு சமையலறை. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது.

ஒரு நாள் பகலில் குளிக்க வெந்நீர் வைத்துவிட்டு நாற்காலியில் கண் அசந்திருக்கிறார். தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்து, பிடி உருகி, புகை நடைக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டி எழுப்பினார்கள். மகள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தாள். வந்த வேகத்தில் எனக்குப் போன்.

"மாமா, கேஸ் அடுப்பைக் கழட்டணும். இப்பவே."

சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்த பெண். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். கழற்றினேன். மாஸ்டர் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "டியூபை நறுக்காதீங்கண்ணே, நல்ல டியூப்" என்று மட்டும் சொன்னார். பாப்பா ஒரு பெரிய கடையிலிருந்து இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். என் கடையில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. சரி, அது கிடக்கட்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அதில் தீ கிடையாது. கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. மேலே இரும்புச் சத்துள்ள பாத்திரம் வந்து உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். பாத்திரத்தை எடுத்துவிட்டாலோ, ஒத்துவராத பாத்திரம் வைத்தாலோ, மேலே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடும். பீப் பீப் என்று கத்தும், சிவப்பு எழுத்து மின்னும், அணைந்துவிடும். மறதிக்காரர்களுக்கு நல்ல அடுப்பு. பாப்பா யோசித்து வாங்கியது சரிதான்.

அடுப்பு வந்து கொஞ்ச நாளிலேயே மாஸ்டர் போன் செய்தார்.

"அண்ணே, இது சில நேரம் எரியுது, சில நேரம் எரிய மாட்டேங்குது. பாத்திரம் வெச்சா பாத்திரம் இல்லேன்னு கத்துது."

போனேன். நான் வந்ததும் முதல் வேலையாக அஞ்சாளை எடுத்துத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். சட்டென்று பிடித்துக்கொண்டது. ஒரு சின்ன முனகல் கூட இல்லாமல் தண்ணீர் கொதித்தது.

"நல்லாத்தானே எரியுது மாஸ்டர்?"

"இப்ப எரியுது. நீங்க போனதும் பாருங்க."

"நான் போனதும் நான் எப்படிப் பாக்குறது?"

சிரித்தார். ஆனாலும் நான் ஏனோதானோ என்று வேலை பார்ப்பவன் இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன். ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் தகராறு செய்யும். பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டினேன். கரண்ட் அளந்தேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பேன். அலமாரியில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டிப் பார்த்தேன். அலுமினியம் இரண்டை ஒதுக்கினேன். மற்றதெல்லாம் ஒட்டியது. அடி குழிந்திருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். எல்லாம் தட்டையாக இருந்தன.

இதற்குள் தேநீர் தயார். பழைய பழக்கத்தை அவர் கை விடவில்லை. பாத்திரத்தைப் பிடியோடு தூக்கி ஒரு சுழற்று சுழற்றினார். அடுப்பு பீப் பீப் என்றது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். "தூக்கினீங்கன்னா அது பாத்திரம் போயிடுச்சுன்னு நெனைக்கும். கேஸ்ல பண்றதை இதுல பண்ணாதீங்க. வெச்சா வெச்ச எடத்துல இருக்கணும்."

"அப்படியா" என்றார். முகம் தெளியவில்லை. டம்ளரை நீட்டினார். பாத்திரத்தில் இன்னும் மூன்று பேருக்குத் தேநீர் இருந்தது.

"ரெண்டு பேருக்கு எதுக்கு மாஸ்டர் இவ்ளோ?"

"விருந்தாள் வந்தா அஞ்சாள்தான். கொறைச்சுப் போட்டா கைக்குச் சரியா வராதுண்ணே. இன்னொரு டம்ளர் குடிங்க. வேற யாரு இருக்கா குடிக்க?"

குடித்துவிட்டு வந்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. மறுபடி போன். மறுபடி போனேன். மறுபடி அஞ்சாள், மறுபடி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை அவர் பாத்திரத்தைத் தூக்கவில்லை, சுழற்றவில்லை. அடுப்பையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"வேணும்னே பண்ணுதுண்ணே. நேத்துப் பால் வெச்சேன். கத்திக் கத்தி அணையுது. நகத்தி வெச்சேன், கொஞ்சம் பிடிச்சுது, மறுபடி போச்சு. கடைசில பச்சைப் பாலாவே குடிச்சேன். இப்ப நீங்க இருக்கீங்க, எப்படி எரியுது பாருங்க! ஆள் இருந்தா எரியும். ஆள் இல்லேன்னா எரியாது."

"நீங்க ஆள் இல்லையா?"

"அதுக்கு அப்படித் தெரியலையே."

அடுப்பைத் தூக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். திறந்தேன். சுருளைப் பார்த்தேன், அதன் நடுவில் சூடு பார்க்கும் சின்னக் குமிழைப் பார்த்தேன், உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் எங்கேனும் ஈயப் பற்று விட்டிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கடையில் இருந்த பாத்திரங்களை வைத்து நாலு நாள் ஓட்டினேன். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அந்த அடுப்பில் பழுது இருந்தால் என் கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறேன், அவ்வளவு சுத்தம்.

நாலாம் நாள் சாயங்காலம் பாப்பாவிடமிருந்து போன்.

"மாமா, மறைக்காமச் சொல்லுங்க. அடுப்பு ரிப்பேரா, இல்ல அப்பா ரிப்பேரா?"

"என்னம்மா பேச்சு இது?"

"பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. அப்பா அடுப்புகிட்டப் பேசறாராம். 'இப்ப எரி பாப்போம், யாரும் இல்ல, இப்ப எரி'ன்னு. என்கிட்டப் பேசறப்பவும் தெனம் இதேதான். ஆள் இருந்தா எரியுது, இல்லேன்னா எரியலை. எனக்குப் பயமா இருக்கு மாமா. அன்னைக்கு வெந்நீர், இன்னைக்கு இது. நீங்க பாத்துட்டீங்கல்ல? அடுப்புல கோளாறு இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, வேற வாங்கித் தர்றேன். இல்லேன்னா அப்பாவை இனிமே தனியா விட முடியாது."

நான் அடுப்பைப் பற்றி இதுவரை யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை. "அடுப்பு நல்லாருக்கு பாப்பா" என்றேன்.

"சரி மாமா. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன். வீட்டைக் காலி பண்ணிடலாம்" என்றாள்.

நான் சொன்னது முழு உண்மை. பின்னாலும் அதுதான் உண்மையென்று தெரிந்தது. ஆனால் அந்த உண்மையைச் சொன்ன கையோடு மாஸ்டருக்கு வீடும் அடுப்படியும் போகிற நிலை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவரே கூப்பிட்டார். குரலில் சண்டை இல்லை.

"அண்ணே, கடைசியா ஒரு தடவை அடுப்பைக் கொண்டுவந்து வெச்சுப் பாருங்க. எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் ஏதோ பண்றேன் போலருக்கு."

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிரம் தட்டுக்கு உப்பு பார்த்த மனிதர், கேன்டீன் மேனேஜரையே "தள்ளி நில்லுங்க சார், ஆவி அடிக்கும்" என்று ஒதுக்கிவிட்டவர், தன்மேலேயே சந்தேகப்பட்டால் எப்படி?

எனக்கு அன்று காலையில் ரத்தப் பரிசோதனை இருந்தது. வெறும் வயிற்றில் போக வேண்டும். போகிற வழியில் அடுப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன. நான் வருவது தெரிந்தால் அவற்றை எடுத்துக் கீழே வைப்பார். அன்று நான் சொல்லாமல் போனதால் அப்படியே இருந்தன. உட்கார்ந்து பழகாத நாற்காலி என்பது பார்த்தாலே தெரிந்தது.

அடுப்பை மேடையில் வைத்து மாட்டினேன். அவர் வழக்கம்போல் அஞ்சாளுக்குக் கையை நீட்டினார்.

"எனக்கு வேணாம் மாஸ்டர். ரத்தம் குடுக்கப் போறேன். தண்ணி கூடக் கொஞ்சமாக் குடிக்கச் சொல்லியிருக்காங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"டீ வேணாமா?"

"நீங்க போட்டுக் குடிங்க. நான் அடுப்பைப் பாக்கறேன்."

"நீங்க வந்திருக்கறப்ப நான் மட்டும் எப்படிக் குடிக்கறது?"

"அட, இதென்ன சம்பந்தி வீடா? எனக்கு அடுப்பு எரியறதைப் பாக்கணும். போடுங்க."

அவர் தயங்கினார். புதிதாகக் கல்யாணமானவர் மாதிரி தயங்கினார். பிறகு மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரியைத் திறந்து, மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு, ஒன்றை எடுத்தார். நான் இரண்டு தடவை சோதனை போட்டபோதும் என் காந்தத்துக்கு அகப்படாத ஒன்று. எவர்சில்வர். பிடி வைத்தது. வாய் என் கை அளவுகூட இல்லை. குழந்தைக்குப் பால் காய்ச்சுகிற பாத்திரம்.

ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றி, என் பக்கம் பார்க்காமல் அடுப்பில் வைத்தார்.

பீப். பீப். சிவப்பு எழுத்து மின்னியது. அணைந்தது.

"பாத்தீங்களா!" என்று திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர். "பாத்தீங்களாண்ணே! நீங்க இருக்கறப்பவே பண்ணுது!"

நான் அந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தேன். காந்தம் வைத்தேன், ஒட்டியது. அடி தட்டை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கண்ணாடியின் மேல் வரைந்திருந்த வட்டத்தின் நடுவில் வைத்தேன். வட்டத்தில் பாதி கூட நிறையவில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இந்த மாதிரி அடுப்புகளுக்குச் சுருள் பெரிது. பாத்திரத்தின் அடி குறைந்தபட்சம் ஓர் அகலம் இருந்தால்தான் அதற்குப் பாத்திரம் என்று உறைக்கும். அதைவிடச் சின்னதாக இருந்தால், கரண்டியோ ஸ்பூனோ தவறி மேலே கிடக்கிறது என்று நினைத்து அணைந்துவிடும். ஸ்பூன் சூடாகிக் கையைச் சுடக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். சரியாக நடுவில் வைத்தால் ஒரு நேரம் பிடிக்கும், ஒரு மயிரிழை நகர்ந்தால் விட்டுவிடும். அதனால்தான் மாஸ்டருக்கு ஒரு நாள் எரிந்தது, ஒரு நாள் எரியவில்லை.

"இதுலதான் தெனம் வைப்பீங்களா?"

"பால், டீ, கஞ்சி, முட்டை. எல்லாம் இதுலதான்."

"ஏன் மாஸ்டர் இதை முன்னாடியே காட்டல?"

"இதைப் போய் என்னன்னு காட்டறது?"

மெதுவாகத்தான் சொன்னார். மனைவி போன பிறகு பாத்திரக்கடைக்குப் போயிருக்கிறார். ஓராளுக்கு ஒரு பாத்திரம் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. வாழ்நாளில் அப்படி ஒரு பாத்திரத்தின் பெயரை அவர் சொன்னதே இல்லை. கைகளால் அளவு காட்டியிருக்கிறார். கடைக்காரர், "பேரக் குழந்தைக்கா?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்திருக்கிறார். கேஸ் அடுப்பில் கம்பி வலை போட்டு அதை நிற்க வைத்திருக்கிறார். யாராவது வந்தால் மசாலா டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்.

"தனியா இருக்கறப்பவும் அஞ்சாள்ல போட வேண்டியதுதானே? எரியுமே."

"போட்டுப் பாத்தேன். அஞ்சாள்ல இத்தனூண்டு பால ஊத்தினா, மிச்சம் நாலு ஆள் எங்கேன்னு பாத்திரம் கேக்குதுண்ணே."

அந்தச் சின்னப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தேன். ரத்தம் கொடுக்க நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வழியெல்லாம் யோசனை. இரும்புத் தட்டு ஒன்று வெட்டிக் கொடுத்து, அதன்மேல் பாத்திரத்தை வைக்கச் சொல்லலாம். அடுப்பு தட்டைப் பார்த்து ஏமாந்து எரியும். ஆனால் பாத்திரத்தை எடுத்த பிறகும் தட்டு அங்கேயே இருக்கும், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். வெந்நீர் வைத்துவிட்டுத் தூங்கிய மனிதருக்கு அது ஆகாது. வேலை தெரியாதவன் தட்டு வெட்டியிருப்பான். என் கடையில் இரட்டை அடுப்பு ஒன்று இருந்தது. ஒரு வட்டம் பெரிது, ஒரு வட்டம் சின்னது. சின்ன வட்டத்தின் மேல் கடையில் இருந்ததிலேயே பொடிசான பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது. பாப்பா வாங்கிய அடுப்பை மாற்றிக்கொண்டு இதை வைப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்போடு போனபோது பாப்பா ஏற்கெனவே வந்திருந்தாள். காலிப் பைகள் இரண்டு கதவோரம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"பாப்பா, இங்க வா" என்று சமையலறைக்குக் கூப்பிட்டேன். "அடுப்பு ரிப்பேர் இல்ல. உங்கப்பாவும் ரிப்பேர் இல்ல. ரெண்டும் நல்லாருக்கு."

"அப்புறம் எதுதான் மாமா ரிப்பேர்?"

பழைய அடுப்பில் அஞ்சாளை வைத்தேன். எரிந்தது. எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தேன். கத்தியது. அணைந்தது. காரணத்தைச் சொன்னேன். புது அடுப்பை மாட்டி, சின்ன வட்டத்தில் அதே பாத்திரத்தை வைத்தேன். சத்தமே இல்லை. தண்ணீரின் அடியில் பொட்டுப் பொட்டாகக் குமிழ் எழும்பியது.

"அப்ப அப்பா சொன்னதெல்லாம் நெஜம்."

"ஒரு வார்த்தை விடாம நெஜம். ஆள் இருந்தா அஞ்சாள் வைப்பாரு, எரியும். ஆள் இல்லேன்னா இதை வைப்பாரு, எரியாது."

நான் எதிர்பார்த்தது அவள் சிரிப்பாள் என்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, துணியால் பிடியைப் பிடித்து, அந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். மறுபடி பார்த்தாள்.

"அப்பா, இது எத்தனை ஆள்?"

மாஸ்டர் வாசலில் வந்து நின்றிருந்தார். "ஓராள்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதுலயாப்பா நீ சாப்பிடறே?"

"ஓராளுக்கு இது போதும்."

"பாத்துட்டு எப்படிப்பா விட்டுட்டுப் போவேன்? அங்க வா. நாங்க நாலு பேரு. உன்னோட அஞ்சு. அஞ்சாள்லயே போடலாம்."

"யாரு போடறது?"

அவள் பாத்திரத்தை மேடைமேல் வைத்தாள். அவரே சொன்னார்.

"உன் மாமியார் போடுவாங்க. நல்லாவும் போடுவாங்க, கொறை சொல்லல. நான் சோபால உக்காந்துக்கிட்டு எப்ப கூப்பிடுவாங்கன்னு பாத்துட்டு இருக்கணும். போன தடவை தண்ணி எடுக்க உள்ள போனேன். 'அண்ணா, நீங்க எதுக்கு, நான் தர்றேன்'னாங்க. காலம் பூரா வரிசைக்கு இந்தப் பக்கம் நின்னவன்மா. தட்டைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் நிக்க எனக்குத் தெரியாது."

"அதுக்காக இப்படித் தனியாவா?"

"எனக்குப் புத்தி பெசகிடுச்சான்னுதானே கூட்டிட்டுப் போக வந்தே? பெசகலேன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அப்புறம் என்ன?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் பழைய அடுப்பின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் நான் ஏதாவது பேசியிருந்தால் எதுவும் நடந்திருக்கலாம். ஆனால் அடுப்பு வரைக்கும்தான் என் பேச்சு.

காலிப் பைகளைத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டு அவள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். போவதற்கு முன்னால் அஞ்சாளில் தேநீர் போட்டாள். மூன்று பேரும் குடித்தோம். மிச்சத்தையும் யாரும் கேட்காமலேயே ஊற்றினாள். மாஸ்டர் அன்று நன்றாகப் பேசினார். கேன்டீனில் ஒரு தடவை உப்புக்குப் பதில் சோடா மாவைக் கொட்டியவன் கதையைச் சொன்னார். சிரித்தோம். படி இறங்கும்போது பாப்பா, "கையோட கூட்டிட்டுப் போகத்தான் மாமா வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் எனக்குப் போன் வரவில்லை. வராது. நான் கை வைத்த அடுப்புக்கு மறுபடி ஆள் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் ஒரு நாள் அந்தப் பக்கம் வேறொரு வீட்டுக்குப் போனபோது மாடி ஏறிவிட்டேன். கையில் வேலைப் பை இருந்ததால், அடுப்பைப் பார்க்க வந்த மாதிரி ஏறுவது சுலபமாக இருந்தது.

நாற்காலிச் செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்தார். அஞ்சாளை எடுத்துப் பெரிய வட்டத்தில் வைத்தார். சின்ன வட்டத்தில் அந்தப் பாத்திரம் ஈரத்தோடு கவிழ்ந்திருந்தது. இப்போது அதை ஒளிப்பதில்லை.

"நல்லா எரியுதா மாஸ்டர்?"

"ஒரு கொறையும் இல்லண்ணே. வெச்சதும் பிடிச்சுக்குது. கத்தறதே இல்ல. வீடே சத்தமில்லாம இருக்கு."

"பாப்பா பேசறாளா?"

"தெனம் பேசறா. 'எரியுதாப்பா?'ம்பா. 'எரியுது'ம்பேன். 'சரிப்பா, ஆபீஸுக்கு நேரமாச்சு'ம்பா. முன்னாடி அரை மணி நேரம் பேசுவா. எப்படி வெச்சே, எங்க வெச்சே, என்ன எழுத்து காட்டுச்சு, தொடச்சியா, பிளக்கைப் பாத்தியான்னு. நானும் சண்டை போடுவேன். இப்பப் பேச என்ன இருக்கு? எரியுது."

தேநீரை இரண்டு டம்ளர்களில் ஊற்றினார். மூன்று பேருக்கு மிச்சம் இருந்தது.

"வேணும்னா கொஞ்சம் கெடுத்துத் தரவா?" என்றேன். "ஒரு ஒயரைத் தளர்த்திவிட்டாப் போதும். என்னைவிட்டா இந்த ஊர்ல யாரும் கண்டுபிடிக்க முடியாது."

மாஸ்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பையைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரின் மஞ்சள் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்ண்ணே" என்றார். "அப்புறம் வந்து கூட்டிட்டுப் போயிடுவா."

என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.